இரண்டு முழ நாடா

அன்றைக்கு அந்த ஒப்பரா இசைநாடக மண்டபத்தில் எங்கள் ஆட்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, முன்பு நான் கோப்பை கழுவிய உணவகத்தின் இத்தாலியச் சமையற்காரர். அவரை அப்போதும் செஃப் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. செஃப் ஆற்றுக்கு அக்கரை லொங்கேயிலிருந்து பொல்லை ஊன்றிக்கொண்டு மெட்ரோவில் தனியாக வந்திருந்தார். காதில் மெசின் போட்டும் பாட்டின் உச்சக் குரல் அவருக்குக் கேட்பதில்லை. போன முறை பிந்திக் கைதட்டியதால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்ததாம். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. "இந்த முறை நீ என் கையை அழுத்து, நான் தட்டுகிறேன். அந்தப் பாட்டை உன்னளவு கேட்டவன் மொன்றியலில் இல்லை," என்று தொலைபேசியில் சொன்னார்.

உண்மைதான். ஒன்பது வருடம் அந்த உணவகத்துக் குசினியில் கசெட்டில் ஓடிய பாட்டு. ஆனாலும் எனக்கு முதல் நாளே நித்திரை இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மேடைக்கு மேலே திரையில் ஓடும் பிரெஞ்சு வரியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

"கையை அமத்திறதுக்கு என்னத்துக்கப்பா இவ்வளவு யோசனை?" என்றாள் மனைவி.

"பிழைச்சால் அவருக்கெல்லோ வெக்கம்."

"அப்ப நான் அமத்தட்டே?"

யோசனைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை அவளுக்கும் சொன்னதில்லை. என் அகதி வழக்கு முடியாத காலத்தில், வேலைக்குச் சேர்ந்த மறுநாள் மத்தியானம், அந்தப் பாட்டை ஒருமுறைகூட முழுதாகக் கேட்கும் முன்பே, நான் ஈரக் கையால் கசெட் பெட்டியின் பொத்தானை அமத்தப் போய், பெட்டி நாடாவைத் தின்றுவிட்டது. செஃப் குளிர் அறைக்குள் இருந்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில், கசங்கிய இரண்டு முழத்தை மீன் வெட்டும் கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டினேன்.

அது மேடையில் பதிவு செய்த கசெட். அன்று முதல், பாடகர் குரலில் ஏறிக்கொண்டே போவார். உச்சிக்கு ஒரு படி கீழே, சட்டென்று கைதட்டல் வந்துவிடும். முதல் முறை அதைக் கேட்டபோது செஃப் கரண்டியோடு அசையாமல் நின்றார். பிறகு சொன்னார், "மெசின் தின்றுவிட்டது. பன்னிரண்டு டொலர். மெசினின் சம்பளத்தில் கழிப்பேன்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதுக் கசெட் அவர் வாங்கவேயில்லை. அந்த இடம் வந்தால் குசினியே தட்டும். நான் சட்டி மூடிகள் இரண்டை அடிப்பேன். வெளியே பனி கொட்ட, கண்ணாடியெல்லாம் ஆவி படர, உள்ளிப்பூண்டு வாசத்துக்குள் நின்று தட்டிய அந்தச் சத்தம் இன்றைக்கும் பாத்திரம் கழுவும்போது எனக்குக் கேட்கும்.

மண்டபத்தில் பாட்டுத் தொடங்கியது. அந்த இடத்தில் அல்ல, அதைத் தாண்டித்தான் அழுத்தவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாடகர் ஏறினார். அந்த இடம் வந்தது. ஒன்பது வருடப் பழக்கம், கை தானாக அழுத்திவிட்டது.

செஃப் தட்டினார். பலமாக, தனியாக.

"என்னப்பா செய்யிறியள், அந்தாள் இன்னும் முடிக்கேல்லை," என்றாள் மனைவி மெதுவாக. முன்னால் இருந்தவர்கள் திரும்பினார்கள். எனக்குக் கதிரைக்குக் கீழே போய்விடலாம் போல இருந்தது.

பாடகர் நிறுத்தவில்லை. நான் குப்பைக்குள் போட்ட அந்த இரண்டு முழத்தையும் பாடினார். அதை நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. கையை அழுத்த மறந்துபோனேன். மண்டபம் எழும்பித் தட்டியதைக் கண்ணால் பார்த்துத்தான் செஃப் மறுபடி தட்டினார்.

இடைவேளையில் அவருடைய காதுக்குக் கிட்டப் போய்ச் சொன்னேன், "செஃப், அந்த நாடாவை வெட்டினது நான்."

"தெரியும்," என்றார். "மெசினுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாது."

"அப்படியென்றால் இன்றைக்கு ஏன் என்னை நம்பினீர்கள்?"

"நானும் அந்த இடத்தில்தானே தட்டிப் பழகினேன்."

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"கசெட் காசு கேக்கிறார்."

அவள் "கசெட்" என்று சொல்லி, கைப்பையிலிருந்து இருபது டொலர்த் தாளை எடுத்து நீட்டினாள். செஃப் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். மாற்றிக் கொடுக்கச் சில்லறை இல்லை என்று தாளைத் திருப்பி அவள் கைக்குள்ளேயே மடித்து வைத்தார்.

இன்னும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு டொலர்.