கேட்டுவிட்டுப் பிடிக்கும் கைகள்

ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கஸுக்குப் போகிறேன். பார்க்க அல்ல... செய்ய! வீட்டில் சிரித்தார்கள். என் முட்டி மட்டும் அழுதது.

முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. சனிக்கிழமைதோறும் பெண்கள் கூடுகிறோம். பந்துகளை வீசிப் பிடிப்பது, ஒருவர் மேல் ஒருவர் ஏறி நிற்பது, பேசாமல் உடம்பாலேயே கதை சொல்வது... எல்லாம் உண்டு. அடிபட்ட மனசுகளுக்காகத் தொடங்கிய வகுப்பு. பத்திரிகைக்கு எழுத மேட்டர் கிடைக்குமே என்று எட்டிப் பார்த்த நான் அங்கேயே தங்கிவிட்டேன்.

சொல்லித் தருகிற செல்விக்கு ஒரே கண்டிஷன். யாரைத் தொடுவதானாலும் 'புடிக்கலாமா?' என்று கேட்க வேண்டும். 'வேணாம்' என்று வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. அது எவ்வளவு கஷ்டம், தெரியுமா? துருவித் துருவிக் கேட்பது நமக்குப் பிறவிப் பழக்கம் ஆயிற்றே!

அங்கே வருகிறவர்களில் ஷமீம் ஒருத்தி. தையல் வேலை. பந்து வீசுவதில் கில்லாடி. ஆனால் ஏறி நிற்க மட்டும் வரமாட்டாள். புருஷன் கையை முறுக்கியே பேசியவன். அவனை விட்டு வந்த பிறகும், யாராவது மணிக்கட்டைப் பிடித்தால் உடம்பு விறைத்துவிடும். ஆனால் மேலே நிற்கிறவர்களை அண்ணாந்து பார்ப்பாள் பாருங்கள்... அப்படி ஓர் ஏக்கம்.

"சின்ன வயசுல மொட்டமாடி செவுத்து மேலயே நடப்பேன்க்கா," என்றாள் ஒருநாள்.

வாராவாரம் கேட்டோம். வாராவாரம் 'வேணாம்'. சரியென்று டீ குடிக்கப் போனோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு இத்தனை மரியாதையா? எனக்கும் அவள் வயதில் இது கிடைத்திருந்தால் என்று மனசு ஏங்கியது.

போன சனிக்கிழமை அவளாகவே எழுந்து வந்தாள். இரண்டு பெண்கள் தரையில் கையூன்றி, முட்டி போட்டுக் குனிந்தார்கள். நானும் செல்வியும் ஆளுக்கொரு பக்கம் நின்றோம்.

"புடிக்கலாமா?" என்றேன். அவள் மணிக்கட்டை நீட்டினாள்.

"புடிங்கக்கா."

இருவரின் முதுகில் ஏறி நின்றாள். மணிக்கட்டு என் கைக்குள் படபடத்து, மெல்ல அடங்கியது. நிமிர்ந்து பார்த்தாள்.

கீழே குனிந்திருந்தவர்கள் லேசாக முனகத் தொடங்கினார்கள். விட்டுவிடலாமா என்று செல்வி கேட்டாள்.

"வேணாம். இன்னும் கொஞ்ச நேரம் புடிச்சிக்கினு இருங்க."

பிடித்துக்கொண்டே நின்றோம்.

என் முட்டியா? அதை அன்றைக்கு யார் கேட்டார்கள்!