வெயிலில் நின்ற கருநீல வண்டி

அந்தக் குடியிருப்பில் அவருக்குக் காக்கா விரட்டி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, நேரில் 'சார்'தான். முப்பத்திரண்டு வீடுகளுக்குக் கூரை போட்ட கார் நிறுத்தம் பதினாறுதான் இருந்தது. முதலில் குடிவந்தவர்கள் அதை வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். பிந்தி வந்தவர்களின் வண்டிகள் மதிலோரம் வானத்தைப் பார்த்தபடி நின்றன. வெளியே நிற்கிற வண்டி காயும், நனையும், என்ன செய்வது என்று மற்றவர்கள் கையைக் கழுவிவிட்டார்கள். இவரால் அது முடியவில்லை. காக்கை எச்சம் விழுந்த ஐந்தாவது நிமிடம் ஈரத்துணியோடு கீழே நிற்பார். காயவிட்டால் அது பெயிண்டைத் தின்றுவிடும் என்று மாடிப்படியில் மாட்டியவர்களிடமெல்லாம் சொல்வார். மாட்டியவர்களும் தலையாட்டிவிட்டு நழுவுவார்கள்.

தொழில் அப்படி. மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் இருபத்தாறு வருடமாக லென்ஸ் தீட்டிப் பொருத்திக் கொடுக்கிறவர். மயிரிழை அளவுக் கீறல் என்றாலும் அவர் கண்ணில் படாமல் போகாது. யாராவது கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தால் அவருக்கு உடம்பே கூசும்.

"முதல்ல தண்ணில அலசுங்க, அப்புறம் தொடைங்க. காஞ்ச தூசியோட தேய்க்கிறதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதும் ஒண்ணுதான்," என்பார். ஒரு நாளைக்குப் பத்து பேரிடமாவது இதைச் சொல்லியிருப்பார்.

இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு முறை கற்றுக்கொள்ளப் போய், மதிலை முட்டிவிட்டு, அதோடு கும்பிடு போட்டுவிட்டார். வண்டி அவர் மனைவியுடையது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் நர்ஸ் அவள். நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

"வெளியில நிக்கப்போற வண்டி. வெள்ளை வாங்கு. தூசியும் தெரியாது, கீறலும் தெரியாது," என்று இவர் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

"வெள்ளைய நான் வேலைல பாக்குறது போதாதா?" என்று சொல்லிவிட்டு, கடையிலேயே மிக அடர்த்தியான கருநீலத்தைக் காட்டினாள் அவள். கருநீலம் எதையும் ஒளித்து வைக்காது. ஈ உட்கார்ந்து எழுந்தாலும் தெரியும்.

ஆக, அவள் ஓட்டுவது, இவர் காப்பது என்று வேலை பிரிந்தது. காலையில் முதல் வேலையாக இரண்டு வாளித் தண்ணீரோடு இறங்குவார். ஒன்று கழுவ, இன்னொன்று துணியை அலச. பிசின் சொட்டும் மரத்தடியில் அவள் நிறுத்தியிருந்தால் அன்றைக்குச் சண்டை. மாதம் ஒருமுறை மெழுகு பூசுவார். ராத்திரி கவர் போடுவார். அதுவும் கழுவி, துடைத்து, ஈரம் போன பிறகுதான்.

தீராத சண்டை ஒன்றும் இருந்தது. அவள் விரலில் இலை வடிவத்தில் ஒரு மோதிரம். இலையின் நுனி கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறக்கக் கைப்பிடிக்குள் அவள் விரலை விடும்போதெல்லாம், அதற்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் நுனி உரசி 'சரக்' என்று சத்தம் வரும். துணியோடு பக்கத்தில் நிற்கும் இவருக்குப் பல் கூசும்.

"மோதிரத்தக் கழட்டிட்டுத் தொறன்னு எத்தன தடவ சொல்றது?"

"வேலை நேரம் பூரா பைலதான் கெடக்கு. வண்டியிலயும் வீட்டுலயுமாவது கையில இருக்கட்டுமே. வாங்கிக் குடுத்த மகராசன் நீங்கதான? நுனிய மழுக்கி வாங்கியிருக்கலாம்ல?"

பதினோரு வருடம் இந்தப் பேச்சு ஒரு வார்த்தைகூட மாறாமல் நடந்தது. பின் சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு உட்கார்ந்திருக்கும் மகள், அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே பதிலைச் சொல்லி முடித்துவிடுவாள்.

ஒரு சாயங்காலம் அவள் வழக்கம்போலக் கோணலாக வண்டியை நிறுத்தினாள். மேலே வந்து, களைப்பாக இருக்கிறது என்று படுத்தாள். எழுந்திருக்கவில்லை. ஊருக்கெல்லாம் நாடி பார்த்தவளுக்குத் தன் நெஞ்சு இப்படிக் கழுத்தறுக்கும் என்று தெரியாமல் போய்விட்டது. மகளுக்கு அப்போது வெளியூரில் வேலை. அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். மூச்சு முட்டுகிறது என்று இவர் கீழே இறங்கினார். வண்டி மேல் அவள் கடைசியாகச் சுற்றிய தெருக்களின் தூசி. டிக்கியின் மேல், மூடும்போது அழுத்திய அவள் உள்ளங்கை, ஐந்து விரலோடு அச்சாகப் பதிந்திருந்தது. அதை எப்படிக் கழுவ மனம் வரும்? கழுவாமலே கவரை எடுத்து, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி மெல்லப் போர்த்தினார். அவள் விட்டுப்போனது அப்படியே இருக்க வேண்டும். அவருக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பதினான்கு மாதம் அவர் அந்தக் கவரைத் திறக்கவே இல்லை. காக்கையை விரட்டினார், கவரின் மேல் விழுந்த சருகைத் தட்டினார், காற்றில் பறக்காமல் கயிறு கட்டினார். உள்ளே அவள் கை இருக்கிறது என்ற நினைப்பில்தான் கடைக்குப் போய்வந்தார், சாப்பிட்டார், தூங்கினார்.

மகள் போனில் கேட்டாள்: "அப்பா, புது வேலைக்குப் போற வழியில பஸ்ஸே இல்ல. அம்மா வண்டிய நான் எடுத்துக்கட்டுமா?"

"இதென்னம்மா கேள்வி. உன் வண்டிதான். அம்மா எப்படி விட்டாளோ அப்படியே வச்சிருக்கேன்."

அடுத்த ஞாயிறு காலை கயிற்றை அவிழ்த்துக் கவரை உருவினார். உருவிய கை அப்படியே நின்றுவிட்டது. டிக்கியில் கை இல்லை, ஒரு விரல்கூட இல்லை. காற்று அடித்த ஒவ்வொரு நாளும் கவர் அந்தத் தூசியை வண்டியின் மேல் தேய்த்திருக்கிறது. கருநீலம் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல், பாலாடை படிந்த மாதிரி வெளுப்பு. காய்ந்த தூசியைத் தேய்க்காதே என்று ஊருக்கெல்லாம் ஓதியவர், தன் கையாலேயே அதைச் செய்திருக்கிறார். மதிலில் சாய்ந்து நின்று அழுதார். மேல்மாடி ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. அதைப் பற்றி அவருக்கு அன்று கவலையில்லை.

மகள் வர ஐந்து நாள் இருந்தது. அம்மா வண்டியை அப்பா பாழடித்துவிட்டார் என்று அவள் நினைக்கக் கூடாது. பாலிஷ்காரரைக் கூட்டிவந்தார்.

பாலிஷ்காரர் குனிந்து, விரலால் தடவிப் பார்த்தார். "மேலாப்புலதான் சார். தேய்ச்சு எடுத்துரலாம். ரெண்டு நாள் ஆகும்."

"ஒரு கீறல் இருக்கக் கூடாது. புதுசு மாதிரி வேணும்."

இரண்டாம் நாள் மாலை, பானெட்டில் கருநீலம் திரும்பிக்கொண்டிருந்தது. இவர் அதன் மேலேயே கண்ணாக, லென்ஸைப் பார்ப்பது போல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவுப் பக்கத்திலிருந்து பாலிஷ்காரர் கேட்டார்: "சார், கைப்பிடிப் பள்ளத்துல பழைய கீறல் நெறைய இருக்கு. இதையும் எடுத்துரவா?"

"எல்லாத்தையும்னுதான சொன்னேன்," என்றார் இவர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை மகள் வந்தாள். வண்டி தண்ணீர் போல மின்னிக்கொண்டு நின்றது. புது பேட்டரி போட்டு, சக்கரங்களுக்குக் காற்றும் அடித்து வைத்திருந்தார். ஒரு சுற்று சுற்றி வந்தவள், "புது வண்டி மாதிரி வச்சிருக்கீங்கப்பா," என்றாள். அவருக்கு அப்பாடா என்று இருந்தது. கவர் செய்த கூத்தைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்.

அவள் ஓட்டுநர் கதவுக்கு வந்தாள். கைப்பிடிக்குள் விரலை விட்டவள், திறக்காமல் தடவினாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"அப்பா, இங்க அம்மாவோட கோடெல்லாம் இருக்குமே?"

அவர் பக்கத்தில் வந்து பார்த்தார். பள்ளம் வழவழவென்று இருந்தது. அவர் முகம்தான் அதில் சின்னதாகத் தெரிந்தது. பதினோரு வருடம், காலையும் மாலையும், ஒவ்வொரு கோடாக அவள் போட்டது. வண்டி முழுவதிலும் அவள் கை நிஜமாகவே தங்கியிருந்த இடம் அது ஒன்றுதான். கவர் அதைத் தொட்டிருக்கவே முடியாது.

"நான்தாம்மா எடுக்கச் சொன்னேன்," என்றார். "என்னன்னு பாக்காம சொல்லிட்டேன். டிக்கில அவ கை பதிஞ்சிருந்துச்சு. அதையும் கவர் போட்டு அழிச்சிட்டேன். காப்பாத்துறேன் காப்பாத்துறேன்னு ஒண்ணையும் பாக்கி வைக்கல."

"பரவாயில்லப்பா," என்றாள் மகள். அவள் கண் நிறைந்திருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அவர் மாடி ஏறினார். நெடுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார். கையில் ஒரு பழைய கண்ணாடிக்கூடு. திறந்தால், லென்ஸ் துடைக்கிற மெத்துத்துணியில் சுற்றிய அந்த மோதிரம்.

"போட்டுக்கோ."

மகள் போட்டுப் பார்த்தாள். "லூசா இருக்குப்பா. வண்டி ஓட்டும்போது கழட்டி வச்சிக்கிறேன்."

"கழட்டாத," என்றார். "நடு விரல்ல போடு."

நடு விரலில் சரியாக நின்றது. இலை நுனி துருத்திக்கொண்டிருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கதவைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் தயங்கித் தயங்கிக் கைப்பிடிக்குள் விரலை விட்டுக் கதவை இழுத்தாள்.

சரக்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூடிட்டு இன்னொரு தடவ தொறம்மா," என்றார்.