இங்கே படம் முடிகிறது

மருந்துக்கடையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடவே மாட்டாள். தலைவலி மாத்திரை கேட்டு வருகிறவரிடம் அவர் மருமகளின் உடம்பு வரை விசாரித்துவிட்டுத்தான் மாத்திரையை எடுப்பாள். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். அந்த வாய்தான் அவளை நீதிமன்றம் வரை இழுத்துக்கொண்டு போயிற்று.

அவள் தம்பிக்கு வேலைக்குப் போகிற வயதில் கண் போயிற்று. வெகுநாள் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தவன், ஒருநாள் எழுந்து பிசியோதெரபி படிக்கச் சேர்ந்தான். "கண்ணு போனா என்னக்கா, கை இருக்குல்ல" என்றான். சேர்ந்தாயிற்று, சரி. புத்தகம்? தலையணை கனத்தில் அச்சுப் புத்தகம்தான் இருந்தது. கேட்கிற மாதிரி ஏதாவது உண்டா என்று பதிப்பகத்துக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. அங்கிருந்து மூச்சே இல்லை.

"போனாப் போறாங்க, நான் படிக்கிறேன்டா" என்றாள் ரேடியோ. எதிரொலிக்காமல் இருக்க, அலமாரியில் துணிகளுக்கு நடுவே போனை வைத்து, தலையையும் உள்ளே விட்டுக்கொண்டு படித்துப் பதிவு செய்தாள். எழுத்து அவளுக்குப் பெரிய விஷயமில்லை. படம் வந்தால்தான் வம்பு. எலும்பும் தசையுமாகப் பக்கத்துக்குப் பக்கம் படம். தன் உடம்பையே தடவிப் பார்த்துச் சொல்வாள்: "முழங்கையை மடக்கு. வெளிப்பக்கம் விரலை வை. குண்டா ஒண்ணு தட்டுப்படுதா? அங்கிருந்துதான் தசை கிளம்புது." முடித்ததும் செய்தி வாசிப்பவர் தோரணையில், "இங்கே படம் முடிகிறது" என்பாள். தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான்.

தம்பியின் வகுப்பில் பார்வையில்லாத பெண் ஒருத்தியும் இருந்தாள். தனக்கும் வேண்டும் என்றாள். ரேடியோ பதிவுகளை இணையத்தில் ஏற்றி, மற்றவர்கள் நுழையாதபடி பூட்டும் போட்டாள். பூட்டு என்ன செய்தது தெரியுமா? படத்தில் கோணல்மாணலாக எழுத்தைக் காட்டி, இதைப் பார்த்துத் தட்டு, நீ மனிதர்தான் என்று நிரூபி என்றது. யாரிடம் போய்!

"அக்கா, நான் மனுஷின்னு அது ஒத்துக்கவே மாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண் போனில்.

ரேடியோவுக்கு வந்ததே கோபம்! பூட்டையே எடுத்துவிட்டாள். அப்புறம் கேட்க வேண்டுமா? கண் தெரிந்தவர்களெல்லாம் புத்தகம் வாங்காமல் காதாலேயே படித்துக்கொண்டார்கள். பதிப்பகம் வழக்குப் போட்டது.

பதிப்பகத்து வக்கீல் ஒன்றும் பொல்லாதவர் இல்லை. "பார்வையில்லாதவங்களுக்காகப் பிரதி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்குதும்மா. ஆனா பதிவு பெற்ற அமைப்புதான் எடுக்கணும், அவங்களுக்கு மட்டும்தான் கொடுக்கணும். நீங்க தனி ஆளா எடுத்து ஊருக்கே கொடுத்துட்டீங்களே. எழுதினவரும் சாப்பிட வேண்டாமா?"

எழுதியவர் என்று ஒருவர் இருப்பதை ரேடியோ நினைத்துப் பார்த்ததே இல்லை. நீதிபதியைப் பார்த்து, "பரீட்சை முடியிற வரைக்குமாவது விடுங்கய்யா" என்று கெஞ்சினாள்.

நீதிபதி தீர்ப்பைச் சொன்னார். புத்தகத்தின் வாக்கியங்கள் எல்லாம் அழிக்கப்பட வேண்டும். படங்களுக்குச் சொன்ன விளக்கம் அவளுடைய சொந்தப் பேச்சு, அது இருக்கலாம். அமைப்பு ஒன்று முறைப்படி புதிதாகப் பதிவு செய்து தரும் என்றார். அது வருவதற்குள் பரீட்சையே முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

தான் படித்ததைத் தானே வெட்டி எறிந்தாள். வெட்டும்போது வாய்விட்டு அழுதாள். தம்பி முழுப் புத்தகத்தையும் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தான், பிழைத்தான். அந்தப் பெண் பாதியில் இருந்தாள்.

"படம் மட்டும் வருதுக்கா. அப்புறம் ஒண்ணுமே இல்ல" என்று அவள் கூப்பிட்டாள்.

"போனை வெச்சிடாதே" என்று சொல்லி, ரேடியோ அச்சுப் புத்தகத்தை எடுத்தாள். அன்றிலிருந்து தினமும் போனிலேயே படித்தாள். பதிவு கிடையாது. சொன்னது சொன்னதோடு சரி. கடையில் பேச்சை நிறுத்திவிட்டாள். சீட்டை வாங்குவாள், மாத்திரையைக் கொடுப்பாள். "என்னம்மா, ரேடியோ ரிப்பேரா?" என்று முதலாளி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். சாயங்காலத்துக்குத் தொண்டை வேண்டுமே. அப்படியும் பரீட்சை நெருங்குகையில் குரல் கட்டிக்கொண்டது. கடைசி அத்தியாயங்கள் நின்றுபோயின.

தம்பி தேறிவிட்டான். அந்தப் பெண் தேறவில்லை.

முடிவு வந்த சாயங்காலம் ரேடியோவே அவளைக் கூப்பிட்டாள். மறுமுனையில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

ரேடியோ புத்தகத்தை மடியில் விரித்தாள். "எங்கம்மா விட்டோம்?"

"முட்டி எலும்புக்கா. இங்கே படம் முடிகிறதுன்னு சொன்னீங்க. அங்கதான்."