சித்தப்பா கேட்ட நீலம்

கேட்ட பொருளையே கொண்டுவந்து கொடுத்தவள் எப்படிக் குற்றவாளி ஆவாள்? ஏழு வயதில் இந்தக் கேள்வியே எனக்கு எழவில்லை.

அப்போது நாங்கள் டெல்லியில் லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பாவின் தம்பி ஓக்லாவில் ஒரு தொழிற்சாலையில் மின் பராமரிப்புப் பொறியாளராகச் சேர்ந்து, பணி நிரந்தரமாவதற்குக் காத்திருந்தார். அங்குள்ள பெரிய டிரான்ஸ்பார்மர் ஒரு கண்ணாடிக் குடுவை வழியாக மூச்சுவிடும். குடுவையிலுள்ள மணிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; காய்ந்திருந்தால் நீலம், ஈரமேறினால் இளஞ்சிவப்பு. இளஞ்சிவப்பானதைக் கவனிக்காமல் விட்டால் ஈரம் உள்ளிருக்கும் எண்ணெயில் கலக்கும்; மின்காப்பு நலிந்து டிரான்ஸ்பார்மர் ஒருநாள் வெடிக்கவும் கூடும்.

மணிகளை வறுத்தால் நீலம் திரும்பும். தொழிற்சாலையின் உலர்த்தும் அடுப்பு பல மாதங்களாகப் பழுது. ஆகவே மழைக்கால ஞாயிறொன்றில் சித்தப்பா ஒரு டப்பா மணிகளுடன் வந்து அம்மாவிடம் வாணலி கேட்டார்.

“கரண்டுக்கு வைத்தியம் பாக்க என் வாணலிதான் கெடச்சுதா, தம்பி? ஜவ்வரிசின்னு நெனச்சு நான் பாயசம் வெச்சிட்டா?” என்றபடியே அம்மா ஒரு பழைய வாணலியைக் கொடுத்தாள்.

பாதி வறுவலில் சிலிண்டர் தீர்ந்தது.

“நீலம் வேணும், அண்ணி. நாளைக்கு நீலம் இல்லன்னா எனக்கு வேலை இல்ல,” என்று சொல்லிவிட்டு, சித்தப்பா அண்டை வீட்டில் சிலிண்டர் கேட்கப் போனார்.

டெல்லியில் பிறந்த எனக்கு அந்த நிறத்தின் பெயர் இந்தி ‘நீலா’தான். எங்கள் வீட்டில் ‘நீலம்’ என்று அழைக்கப்பட்டது, அப்பாவின் வெள்ளைச் சட்டைகளுக்காகக் குளியலறையில் இருந்த சொட்டு நீலம் ஒன்றே. புட்டி முழுவதையும் வாணலியில் கவிழ்த்தேன். சூட்டில் அது சுர்ரென்று வற்றியது.

வெறுங்கையுடன் திரும்பிய சித்தப்பா நீலமாகிவிட்ட மணிகளைப் பார்த்தார். வாணலியின் மிச்சச் சூடே வேலையை முடித்துவிட்டதாக அம்மாவுக்கு அறிவியல்பூர்வமாக விளக்கினார்.

மறுநாள் குடுவையில் போடுவதற்காக மணிகளை அள்ளிய ஃபோர்மேன், சாயம் ஒட்டிய தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினாராம்.

“பாபுஜி, யே நீலா நஹீ, நீல் ஹை.”

இது நீல நிறமில்லை, ‘நீல்’ என்றிருக்கிறார்; துணிக்குப் போடும் நீலத்துக்கு இந்தியில் ‘நீல்’ என்று பெயர்.

மாலையில் சித்தப்பா விசாரித்தபோது காலிப் புட்டியைப் பெருமையுடன் நீட்டினேன். அவர் வெகுநேரம் சிரித்தார். “நான் கேட்டதத்தானே குடுத்திருக்க,” என்றார். ஆகவே எல்லாம் நலமென்று எண்ணிக்கொண்டேன். தவறு தன்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்திருந்ததும், அதனால் பணி நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனதும் எனக்குப் புரியப் பல ஆண்டுகளாயின.

அந்த வாரமே தொழிற்சாலை தன் உலர்த்தும் அடுப்பைச் சரிசெய்தது. மணிகள் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.