நங்கூரத்தின் குதிகால்

எங்கள் மர அறுவை ஆலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டுவாடாவுக்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் நங்கூரம். ஆலையின் கயிறு இழுக்கும் அணியில் கடைசி ஆள் அவர். கயிற்றைத் தோளில் குறுக்கே போட்டு, குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்தாரென்றால் எதிர்ப்பக்கம் எத்தனை பேர் முக்கினாலும் ஆளை அசைக்க முடியாது. வருஷக்கணக்காக இழுத்து இழுத்துக் கெண்டைக்கால் உருட்டுக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அவர் காலுக்கு ஏற்ற பூட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது. பூட்ஸ் கயிற்றை மேல்பக்கம் கட்டாமலே திரிவார்.

போன வருஷம் வலது குதிகாலுக்கு மேலே வீங்கியது. மழை மாதங்கள் முழுக்கக் கயிற்றைத் தொடவில்லை. ஆள் இளைத்துவிட்டார். தையல் வேலை செய்யும் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, அவருடைய கால்சட்டைகளை எல்லாம் பிடித்துத் தைத்தார். வீக்கம் வற்றியதும் மனுஷன் பயிற்சிக்கு வந்தார். இரண்டே மாதத்தில் தொடை பழையபடி திரண்டது. போட்ட தையலை அண்ணியே பிரிக்க வேண்டியதாயிற்று. இந்த மனுஷனுக்குத் தைப்பதைவிடச் சாக்கு மூட்டைக்குத் தைக்கலாம் என்று சலித்துக்கொண்டார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

எங்களுக்கும் அது போதுமாக இருந்தது. மரத்தைச் சுற்றி நாடா பிடித்துப் பருமன் பார்த்தே காலம் தள்ளுகிறவர்கள் நாங்கள். மனுஷனையும் அப்படியே மதித்துவிட்டோம். ரம்பம் தீட்டுகிறவன் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் நிஜமாகவே நாடாவைக் கொண்டுவந்து, அவர் தொடை இரண்டையும் அளந்து, வலதும் இடதும் ஒன்றுதான் என்று அறிவித்தான். செங்கல் சூளைக்காரர்களோடு இறுதிப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. அணித் தலைவன் நான். எனக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த பயிற்சியில் கயிறு வெடுக்கென்று இழுபட்டபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. நொண்டிக்கொண்டே போய்ப் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். பிசியோதெரபி பார்க்கும் அம்மா குதிகாலுக்கு மேலே விரலால் அழுத்திப் பார்த்தார். நாங்கள் நரம்பு என்று சொன்னது நரம்பே இல்லையாம். தசையை எலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாராம். தசைக்கு ரத்த ஓட்டம் தாராளம், அதனால் உழைக்க உழைக்கச் சீக்கிரம் தேறிவிடும். நாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பாரம் கொடுத்தால்தான் அது உரமேறும். அவர் வருஷக்கணக்காக ஏற்றிய உரம் ஓய்வில் கொஞ்சம் இளகிவிட்டது.

"உங்க தசை தயாரா இருக்கு. நார் இன்னும் தயாராகல. உங்க பலமே அதை அறுத்துடும்," என்றார் அந்த அம்மா.

"போட்டி அடுத்த மாசம்மா," என்றார் நங்கூரம்.

"அறுந்துபோனா ஆபரேஷன். அப்புறம் மாசக்கணக்கா வீட்டுலதான். நாள் பூரா நின்னு பார்க்குற வேலைன்னு சொன்னீங்களே?"

 வீட்டுக்குப் போனதும், ஒரே ஒரு போட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவேன் என்று அண்ணியிடம் ஆரம்பித்தார். அண்ணி தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"கயிறு இழுக்க எட்டுப் பேர் இருக்கீங்க. நீங்க படுத்துட்டா தூக்கிவிட நான் ஒருத்திதான்."

போட்டி நாளில் பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் மைதானத்துக்கு வந்தார். இழுக்கப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். கோட்டருகே போனவர் கயிற்றின் கடைசி முனையை எடுத்து ரம்பம் தீட்டுகிறவன் தோளில் போட்டார்.

"அவசரப்படாத. சாஞ்சு நில்லு. வெடுக்குன்னு மட்டும் இழுத்துடாத."

சொல்லிவிட்டு அண்ணி பக்கத்தில் போய் நின்றார். உங்க நங்கூரம் கரையேறிடுச்சா என்று சூளைக்காரன் ஒருவன் கேட்டான். நாங்கள் நடுக்கோட்டை நோக்கிச் சறுக்கச் சறுக்க, வெளியே நின்றவரின் வலது குதிகால் தானாகவே மண்ணைக் குத்தத் தொடங்கியது. அண்ணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். காலை எடுத்துக்கொண்டார்.

தோற்றோம். 

"வலிக்குதா?" என்று அண்ணி கேட்டது எனக்கும் கேட்டது.

"கால்ல இல்ல," என்றார்.