இல்ஹாம் முன்னால் பேசாத வீடு

சிரியாவின் டமாஸ்கஸ் நகரில், மீதான் என்ற பகுதியில் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்த ஸுப்ஹிக்கு ஒரே மகள் இல்ஹாம். படிப்பில் கெட்டிக்காரி. சின்ன வயதிலிருந்தே தெருப் பெண்கள் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்வலி வந்தால் விளையாட்டாக அவளிடம் வாயைத் திறந்து காட்டுவார்கள்.

அது எண்பதுகளின் தொடக்கம். பள்ளிக்கூடம் பாதி ராணுவ முகாம் மாதிரி இருந்தது. காக்கிச் சீருடை, காலை அணிவகுப்பு, தலைவர் என்றென்றும் வாழ்க என்ற முழக்கம். வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல அதையும் கத்திவிட்டு இல்ஹாம் வகுப்புக்குப் போவாள். கடைசி வருடத்தில் ஆளுங்கட்சியின் இளைஞர் அமைப்பிலிருந்து ஃபாயிஸா என்றொருத்தி வந்தாள். பாராசூட்டில் குதிக்கும் மாணவிகளுக்குப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் கூடுதல் மதிப்பெண் உண்டு என்றாள். மருத்துவப் படிப்புக்கு இல்ஹாமுக்குக் குறைந்தது அந்தக் கொஞ்சம்தான்.

"வானத்துலேர்ந்து குதிச்சாத்தான் ஊசி போட வருமாடீ?" என்றாள் அவள் தாய் விதாத். வேண்டாம் என்று சொன்னால் அதையும் கட்சிக்காரர்கள் எங்காவது குறித்து வைப்பார்கள் என்பது ஸுப்ஹிக்குத் தெரியும். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

பாராசூட் பயிற்சி முகாமில் முதல் வாரம் இல்ஹாம் அழுதாள். பிறகு பிடித்துப்போனது. விமானத்தின் கதவு திறந்து, கால் காற்றில் விழுந்து, குடை விரிந்தபோது அதுவரை அறியாத ஒரு சந்தோஷம் அவளைத் தூக்கிக்கொண்டது. தரையிறங்கியதும் ஃபாயிஸா அவளைக் கட்டிக்கொண்டு, "இனிமே நீ எங்க பொண்ணு" என்றாள். அது இல்ஹாமுக்கு இனித்தது.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, பயிற்சி முடித்த பெண்களை லாரியில் ஏற்றிச் சந்தைத் தெருவில் இறக்கினார்கள். முக்காடு பிற்போக்கு, அதற்குள்தான் ஆட்சியின் எதிரி ஒளிந்திருக்கிறான், கண்ணில் படுகிற தலையிலிருந்தெல்லாம் உருவுங்கள் என்று உத்தரவு. துப்பாக்கியோடு சிப்பாய்கள் பின்னால் நின்றார்கள். இல்ஹாம் தயங்கினாள். பக்கத்தில் இருந்தவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். இவளும் ஓடினாள்.

காய்கறிப் பையோடு வந்த ஒரு நடுவயதுப் பெண்ணின் வெள்ளைத் துணியைப் பிடித்து இழுத்தாள். ஊசி குத்தியிருந்ததால் வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். காதோரம் ரத்தம் கசிந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. பையைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?"

வாப்பாவின் பெயர் நாக்குவரை வந்தது. "உத்தரவு" என்று மட்டும் சொன்னாள் இல்ஹாம்.

அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவுக்கு வந்திருந்தது. திட்டுவார்கள், வாப்பா அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தார்கள். வானொலியில் தலைவரின் பெயர் வந்தது. சர்க்கரை கிடைக்காத நாளில் அந்த வானொலியைப் பார்த்தே திட்டித் தீர்க்கிறவள் விதாத். இப்போது மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்" என்றாள்.

தன் முன்னால் திட்டப் பயப்படுகிறாள் என்று இல்ஹாமுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அப்படித்தான். ரொட்டி வரிசையில் அவளுக்கு வழிவிட்டார்கள். அவள் மாடியேறி வந்தால் பெண்களின் பேச்சு நின்று, வானிலை பற்றியதாக மாறிவிடும். யாரும் வாயைத் திறந்து பல்லைக் காட்டவில்லை. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கேயும் ஃபாயிஸா வந்து, வகுப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள்.

"என் முன்னால யாரும் எதுவும் பேசறதில்ல" என்றாள் இல்ஹாம். அது உண்மை.

ஃபாயிஸா சிரித்தாள். "அப்போ நீ நல்லா வேலை செய்யறேன்னு அர்த்தம்."

இல்ஹாம் டாக்டராகி, தெற்கே தர்ஆ நகரில் பிரசவம் பார்த்தாள். பல வருடம் கழித்து விதாத்துக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தது. வலிக்கான மருந்து நாட்டிலேயே தட்டுப்பாடு. கட்சியின் பெரிய ஆட்களுக்கு மட்டும் கிடைத்தது. தாய் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இல்ஹாம் அறைக்கதவைச் சாத்தினாள்.

"உம்மா, நாம ரெண்டு பேர்தான் இருக்கோம். திட்டணும்னா திட்டு. பழைய மாதிரி."

"யாரைத் திட்ட? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அவர் புண்ணியத்துல" என்றாள் விதாத். கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு நாளில் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, ஸுப்ஹி மகளை அருகில் உட்காரவைத்தார்.

"உன்னைப் பாத்து அவ பயப்படல. கட்சிக்காரங்க உன்கிட்ட கேப்பாங்களேன்னுதான் பயந்தா. உனக்கு ஒண்ணும் தெரியலேன்னா நீ பொய் சொல்ல வேண்டியதில்ல பாரு."

அவர் குரல் தாழ்வாக, நிதானமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பது போலிருந்தது. அவர் சொன்னது நிஜமா, இல்லை வாப்பாவும் அவள் முன்னால் எச்சரிக்கையாகத்தான் பேசுகிறாரா என்பது இல்ஹாமுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கேட்டால் மட்டும் தெரிந்துவிடுமா என்று, அவள் கேட்கவும் இல்லை.