ஆளுக்கொரு பதில்

கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் பூசினால் பச்சையும் புகையுமாக ஒரு வாசம் எழும். அந்த வாசத்திலிருந்து ஆரம்பிக்க நினைத்தேன், ஆனால் எனக்கு ஆரம்பிக்கத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் கோணல்மாணலாகத்தான் வரும், பெயர்களும் சில மறந்துவிட்டன, பொறுத்துப் படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க இந்த வயதிலும் எனக்குக் கூச்சம். காகிதம் என்றால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

பந்தல்குடி சாலையில் உள்ள ஒரு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நான் வேன் ஆயா. இந்த வருசம் அங்கே எட்டாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் என்று ஒரு பாஷை வந்தது. தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பையன் படத்தோடு ரோட்டோரம் பெரிய போர்டு வைத்தார்கள். எந்தத் தேசத்துப் பாஷை, அதைப் படித்து என்ன செய்வது என்று கேட்ட பெற்றோர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. 'எங்க புள்ள ஸ்பானிசு படிக்கா' என்று பஸ்ஸில் பின்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்ன தாய்மார்களைத்தான் பார்த்தேன். சொல்லிக்கொடுக்க வந்த மிஸ் ஒரு சின்னப்பெண். செல்போனில் சில மாதம் படித்துவிட்டு வந்ததாம். அவள் 'ஓலா' என்பாள், பிள்ளைகள் 'ஓலா' என்று கத்துவார்கள். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே படித்த பிள்ளை ஒன்றுதான், கார்த்திகா. லோடு ஆட்டோக்காரர் மகள், வேனில் என் பக்கத்தில் உட்காருவாள். "ஆயா, ஒங்க சேல ரோஹோ. ரோஹோன்னா செவப்பு" என்பாள். ரோட்டில் போகிற லாரி, ஆடு, தண்ணித்தொட்டி எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டு மிஸ்ஸைத் துளைத்துவிட்டு வருவாள். "காலேஜ்லயும் இதத்தான் ஆயா எடுக்கப் போறேன்" என்று சொன்னபோது அவள் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

பெற்றோர் தினம் நெருங்கியது. பெஞ்சில் உட்காரும் வரிசைப்படி மிஸ் ஆளுக்கொரு கேள்வி, ஆளுக்கொரு பதில் என்று பிரித்துக் கொடுத்தாள். "ஒன் பதிலை மட்டும் படி. மத்தத மண்டையில ஏத்தாத" என்று அவள் சொன்னது வராந்தா கூட்டிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. உடனே எனக்குக் கோவை இலை வாசம் வந்துவிட்டது.

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருசம் பூராவும் வெளுத்துக் கிடக்கும் கரும்பலகைக்கு சோதனைக்கு ஆபீசர் வருகிற அன்றைக்கு மட்டும் அந்தப் பூச்சு. வாத்தியாருக்குப் பருத்தி யாவாரம் இருந்தது; பள்ளிக்கூடம் அவருக்கு நிழலுக்கு ஒதுங்குகிற இடம். எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்காமலேயே இங்கிலீஷ் தெரிந்ததாகக் காட்ட அவர் கண்டுபிடித்ததும் இதே வித்தைதான், ஆளுக்கொரு பதில். எனக்கு வந்தது 'இட் ஈஸ் எ க்ரோ.' அது காக்கை என்றுகூட அவர் சொல்லவில்லை. அந்த நாலு வார்த்தையை நான் எருமைக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், ஏனென்றால் எங்கள் அய்யா, "ஆபீசர் வாயால நல்லாப் படிக்கிற புள்ளன்னு வரட்டும், திருச்சுழிக்கு ஆறாப்புக்கு அனுப்புறேன்" என்று சொல்லியிருந்தார்.

கோட்டு போட்ட ஆபீசர் வந்த அன்றைக்கு எனக்கு முன்னால் உட்காரும் பையன் பருத்தி எடுக்கப் போய்விட்டான். வாத்தியார் பார்த்தது ஆபீசர் முகத்தை. எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு ஆள் குறைந்ததால் வரிசை நகர்ந்து, அவனுக்குரிய கேள்வி எனக்கு வந்துவிட்டது. "வாட் ஈஸ் யுவர் ஃபாதர்?" என்றார் வாத்தியார். உன் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேள்வி. நான் எழுந்து நின்று கணீரென்று, "இட் ஈஸ் எ க்ரோ" என்றேன்.

ஆபீசர் கையைத் தூக்கி வாத்தியாரை நிறுத்தினார். "என்ன சொன்ன? திரும்பச் சொல்லு" என்றார். திரும்பவும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேள்விக்கும் என் பதிலுக்கும் தமிழில் அர்த்தம் சொன்னார். "ஒங்க அய்யா காக்காயா?" என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பருத்தி போடுவாக" என்றேன். 'மை ஃபாதர் ஈஸ் எ ஃபார்மர்' என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, "சரி, ஒங்கம்மா?" என்றார். அதை அவர் சொல்லித் தரவில்லை. எங்கள் அம்மாவும் அதே காட்டில்தானே கிடந்தாள். "மை மதர் ஈஸ் எ ஃபார்மர்" என்றேன். "இது படிக்கிற புள்ளைய்யா, இதக் கெடுக்காதீரும்" என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆபீசர் கடைசியாகச் சொன்னது அவர் வாயில் வரவில்லை. "ஒம்ம மக ஆபீசர் முன்னாடி ஒம்மக் காக்காய்னு சொல்லிப்புட்டாய்யா" என்பது மட்டும்தான் வந்தது. தெருவே சிரித்தது. நான் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், வாய் வரவில்லை. அய்யாவும் கேட்கவில்லை. ஆறாப்பு அத்தோடு போனது. அந்த வாத்தியார் செத்த அன்றைக்கு எங்கள் தெருவே மாலையோடு போனது. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோர் தினத்துக்கு வருகிறேன். கேள்விகளைத் தானே மைக்கில் வாசிப்பேன் என்று கரஸ்பாண்டென்ட் ஆசைப்பட்டார். ஸ்பானிஷைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, கோட்டும் போட்டுக்கொண்டு வாசித்தார். முன்வரிசையில் ஒரு பையன் காய்ச்சல் என்று வரவில்லை. நாற்காலி அடுக்கிவிட்டு நின்ற நான் காலியான இடத்தைப் பார்த்தேன், வரிசை நகரப்போவது தெரிந்துவிட்டது. யாராவது எழுந்து நிறுத்துவார்கள் என்று காத்திருந்தேன். அவர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் டக்டக்கென்று பதில் சொன்னார்கள், ஒவ்வொரு பதிலுக்கும் கைதட்டல் கூரையைத் தூக்கியது. கார்த்திகாவின் அம்மா தட்டியதில் வளையல் உடைந்தது. மிஸ் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டு சிரித்தபடியே நின்றாள். சிறப்பு விருந்தினர் எழுந்து, இந்தக் கரிசல் மண்ணில் இப்படி ஒரு பாஷையா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் கார்த்திகா வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மல்லாங்கிணறுப் பிள்ளைகள் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"குவாந்தோஸ் ஆன்யோஸ் தியேனெஸ்னு கேட்டாரு ஆயா. ஒனக்கு என்ன வயசுன்னு. எனக்கு வயசு சொல்லத் தெரியும். மிஸ்ஸப் பாத்தேன், படிச்சதயே சொல்லுன்னு கண்ணக் காட்டுனாங்க. ரோஹோன்னேன்."

"ஒனக்கு என்ன வயசு?"

"செவப்பு!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "எதச் சொன்னாலும் தட்டுறாக ஆயா. இனி எதுக்குப் படிக்கணும்?"

மறுநாளிலிருந்து அவள் எதற்கும் பெயர் கேட்கவில்லை. சன்னலோரம் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிறாள். வாத்தியார் என்னை ஏமாற்றியபோது அதைப் பிடிக்க ஒரு ஆளாவது இருந்தார். இந்தப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. கரும்பலகை போய்த் தொடுதிரை வந்துவிட்டது, கோவைக்கொடியை வேலியில்கூடக் காணோம்; அதெல்லாம் போனால் போகட்டும். 'திரும்பச் சொல்லு' என்று கையைத் தூக்குகிற அந்த ஒரு ஆளையும் இந்தப் பக்கத்தில் காணவில்லையே. கோட்டு மட்டும் இருக்கிறது.

இதில் வரும் ஸ்பானிஷ் வார்த்தைகளைக் காதால் கேட்டதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது சரியா என்று பார்த்து, சரியானதை எழுதி அனுப்பினால் கார்த்திகாவிடம் கொடுப்பேன். தப்பென்றால் தப்பு என்றே சொல்லுங்கள். கைமட்டும் தட்டிவிடாதீர்கள்.